மச்சான் இல்லாத பேச்சு

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி கோழித்தீவனக் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்தது. மாதத்துக்கு ஒரு கோழி படம். இத்தனை நாள் பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும்தான் எழுதினேன். இன்றைக்கு எழுதுவதற்கு விஷயமே வந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் பட்டமளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினராகப் பேசப்போகிறார்!

கல்லூரித் தாளாளர் பழத்தட்டோடு நேரில் வந்தார். அந்தக் கல்லூரி விடுதியில் வாரத்துக்கு ஐந்து நாள் அவிப்பது எங்கள் பண்ணை முட்டை. அதனால் அழைப்பில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இவருக்குத்தான் ஆச்சரியம். தாளாளர் போன பிறகு நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டு, "அர்த்தநாரி, அர்த்தநாரி" என்று தன் பெயரைத் தானே இரண்டு குரலில் சொல்லிப் பார்த்தார்.

நான் முதல் போனை என் அண்ணன் நாச்சிமுத்துவுக்குப் போட்டேன். அவர் இல்லாமல் இந்தப் பண்ணை ஏது? கல்யாணமான புதிதில் தன் தோட்டத்துக் கோழி ஷெட்டையும், அது நிறையக் குஞ்சுகளையும் தூக்கி இவர் கையில் கொடுத்தவர் அண்ணன்தான்.

"மாப்ளை பேசறாருங்கறப்ப சும்மா இருக்க முடியுமா? ஊர்ல இருந்து வேன் வெச்சு ஆளைக் கூட்டியாந்தர்றேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே, "நம்ம பேரும் ஒருக்கா வருமா அம்மிணி?" என்றார்.

"வராம எங்கண்ணா போகும்?" என்றேன். சொல்லிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

பேச்சுக் கற்றுக்கொடுக்கச் சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ரெக்ஸ் ஆனந்த். வெயிலில் கோட்டு. அவர் அம்மா போனில் கூப்பிட்டபோது "ஆனந்தகுமாரு, சாப்பிட்டியா?" என்று கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

"சார், உங்க வாழ்க்கையில எங்க அழுதீங்க?" என்று ஆரம்பித்தார்.

இவர் வெகுநேரம் யோசித்தார். "கடவாப்பல்லு புடுங்குனப்ப" என்றார்.

"அது வேண்டாம். வறுமை?"

"எங்கப்பாருக்கு ஆறு ஏக்கரா தோட்டமுங். ரெண்டு கெணறு."

"பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனீங்களா?"

"அப்பாரோட புல்லட்டுலங்."

"செருப்பாவது இல்லாம..."

"இருந்துதுங். மழைக்கு வேற ஒரு சோடி."

ரெக்ஸ் பேனாவை மூடிவிட்டார். நான் காபி கொடுத்ததும் தெளிந்தார். பிறகு அவர் சொன்னதை இங்கே எழுதி வைக்கவேண்டும், ஏனென்றால் எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

"பாருங்க மேடம். பட்டம் வாங்கற பையன் அன்னைக்கு உள்ளுக்குள்ள பயந்துபோய் உட்கார்ந்திருப்பான். வேலை கிடைக்குமான்னு தெரியாது. அவனுக்குத் தெம்பு வேணும். ஒண்ணுமே இல்லாத ஒருத்தர், யாரும் இல்லாத ஒருத்தர் ஜெயிச்சாருன்னாதான் அவனுக்குத் தெம்பு வரும். அப்பாவுக்குத் தோட்டம் இருந்தது, மச்சான் ஷெட் குடுத்தாருன்னு சொன்னா, எனக்குத் தோட்டமும் இல்லை மச்சானும் இல்லைன்னு போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சிருவான். மச்சான் இருக்கற கதைக்கு இதுவரைக்கும் யாரும் கைதட்டுனதில்லை மேடம்."

இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வரும் ஆவணியில் எங்கள் மகள் நவீனாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டால்தான் பெண் மேடை ஏறுவாள். அந்தத் தாய்மாமனைப் பேச்சிலிருந்து இறக்கிவிட்டால் கல்யாணத்தில் எந்த முகத்தோடு ஏற்றுவது என்று நான் கேட்டேன். "அது வேற மேடை, இது வேற மேடை" என்றார் இவர்.

ஜூன் 9, திங்கள்

பேச்சின் முதல் வரைவு வந்தது. இவர் கூடத்தில் நின்று படித்தார். என் மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டு கேட்டார்.

புல்லட் போய்விட்டது. சிறுவன் அர்த்தநாரி இப்போது சேற்றில் வெறுங்காலோடு பள்ளிக்கு நடக்கிறான். வீட்டில் சிம்னி விளக்கு. (எங்கள் தெருவிலேயே முதலில் டிவி வாங்கியது இவர்கள் வீட்டில்.) அடுத்து வந்தது அம்மா: இருந்த ஒரு கைப்பிடிச் சோற்றை மகனுக்குப் போட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துப் படுத்த அந்தத் தாய்...

"நிறுத்துடா" என்றார் மாமியார். "தோட்டத்து ஆளுக்காரங்களுக்கே மூணு வேளையும் வடிச்சுக் கொட்டியிருக்கறேன். பெத்த பையனைக் காயப் போட்டனா நானு?"

"சும்மா பேச்சுக்குங்மா."

"உன்ற பேச்சுக்கு எம்பட சோத்துப் பானையை எதுக்குடா கவுக்கற? ஊரு என்ன நெனைக்கும்?"

சமாதானப்படுத்த, அந்தத் தாயைப் பற்றி இன்னும் இரண்டு வரி உயர்வாகச் சேர்க்கிறேன் என்று ரெக்ஸ் போனில் சொன்னார். அதிலும் அவர் பட்டினிதான்.

ஜூன் 11, புதன்

இவர் மூன்றாம் ஷெட்டில் நின்று சத்தமாகப் பேசிப் பழகுகிறார். "எழுந்திரு இளைஞனே!" என்கிற இடத்தில் அத்தனை கோழியும் எழுந்து ஒரு மூலைக்கு ஓடுகிறதாம். சாயங்காலம் முட்டை குறைந்திருக்கிறது. மேனேஜர் என்னிடம் வந்து, ஐயாவை மாடிக்குப் போகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

ஜூன் 13, வெள்ளி

ரெக்ஸ் மறுபடியும் வந்தார். கதையில் ஒரு பெரிய விழுதல் வேண்டுமாம். விழாமல் எழ முடியாதாம்.

விழுந்தது உண்மைதான். முதல் முறை விட்ட கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்து பாதிக்கு மேல் செத்துப்போயின. இவர் அந்த வாரமே மைசூரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் வந்தார். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. ரெக்ஸிடமும் இவர் அதைச் சொல்லவில்லை. "அந்த மாசம் கஷ்டமான மாசமுங்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"மனசைத் தொடற மாதிரி சின்ன விஷயம் ஏதாவது இருக்கா மேடம்?" என்று ரெக்ஸ் அடுப்படிக்கு வந்து என்னைக் கேட்டார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மிச்சம் இருந்த கோழிகளுக்கு ஊசி போட்டுப் போட்டு விரல் வீங்கி, மோதிரத்தைக் கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுத்தது என்று சொன்னேன். தீவனச் சாக்கின் மேலேயே படுத்துக்கொண்டது என்று அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"போதும் மேடம்! மோதிரம் ஒண்ணு போதும்!" என்று எழுதிக்கொண்டு ஓடிவிட்டார். சாம்பாருக்கு வெங்காயம் அதிகமாகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

முடிந்த பேச்சைப் படித்தேன். இவருக்குத் தெரியாமல் எல்லாம் இல்லை. கண்ணாடிக்கு எதிரிலேயே கிடந்தது.

பேச்சில் இவர் மைசூருக்குப் போகவே இல்லை. செத்த கோழிகளுக்கு நடுவில் தன்னந்தனியாக நிற்கிறார். ஊசி போடுகிறார். இவர் விரல் வீங்குகிறது. இவர் மோதிரத்தை வெட்டுகிறார்கள். "யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. என் இரண்டு கைகள்தான் எனக்கு இருந்த ஒரே சொத்து." நான் எங்கே என்று தேடினேன். இருக்கிறேன். "என் மனைவி பொறுமையாகக் காத்திருந்தார்" என்று ஒரு வரி. பஸ் நிலையத்தில் காத்திருப்பது போல என்று நினைத்துக்கொண்டேன். நல்ல வரிதான். எனக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை.

அண்ணன் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, அண்ணன் பேரை ஒரு இடத்துல சொல்லிப்போடுங்களேன். ஒத்தை வரி."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா வளரு? மச்சான் பேரைச் சொன்னா அந்த 'யாரும் கை கொடுக்கலை'ங்கற வரி நிக்காதாம். அதுதான் கைதட்டு வாங்கற வரின்னு அந்த ஆளு சொல்றான்."

"அப்ப அந்த வரியை எடுத்துப்போடுங்க."

ரசத்தை ஊற்றச் சொன்னார். கடைசியில் ரெக்ஸுக்குப் போன் போட்டு ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். "சில நல்ல உள்ளங்களும் இருந்தன" என்று ஒரு வாக்கியம் சேர்த்தாகிவிட்டது. அண்ணன் இனிமேல் சில நல்ல உள்ளங்கள். வேன் வைத்து வருகிற உள்ளங்கள்.

ஜூன் 18, புதன்

அண்ணனை வரவிடாமல் செய்யலாமா என்று பார்த்தேன். வெயில் அதிகம் என்றேன். "ஏசி ஹாலுன்னு சொன்னாங்க அம்மிணி" என்றார். கூட்டம் நெரிசலாக இருக்கும் என்றேன். "சொந்தக்காரங்களுக்கு முன்னாடி சீட்டுன்னு மாப்ளையே சொல்லிட்டாரு" என்றார். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். டெய்லரிடமும் விஷயத்தைச் சொல்லியாயிற்றாம்.



ஜூன் 21, சனி

விழா முடிந்து வந்து, குளித்து, காபி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் வரிசையாக வந்து பட்டம் வாங்கியது பார்க்க அழகாக இருந்தது. எனக்குக் கல்லூரி இரண்டாம் வருஷத்தோடு கல்யாணம் ஆகிவிட்டது. அந்தத் தொப்பி தலையில் நிற்குமா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். நிற்கிறது.

நான், மாமியார், நவீனா, அண்ணன் எல்லோரும் இரண்டாம் வரிசை. அண்ணன் சட்டை கசங்காமல் நுனியில் உட்கார்ந்திருந்தார். வேனில் வந்தவர்கள் பின்னால்.

இவர் பேச எழுந்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகப் பேசினார்! கையை எங்கே தூக்க வேண்டும், எங்கே நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும், எல்லாம் ரெக்ஸ் சொல்லிக்கொடுத்தபடி. வெறுங்காலோடு சேற்றில் நடந்தபோதே பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டார்கள். தாய் தண்ணீர் குடித்துப் படுத்த இடத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் அந்தத் தாய், "பொய்யி, அத்தனையும் பொய்யி" என்று முணுமுணுத்துக்கொண்டே தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பண்ணை ஆரம்பித்த கட்டம் வந்ததும் அண்ணன் முன்னால் சாய்ந்தார். "அப்போதுதான் ஒரு சிறிய ஷெட்..." என்றார் இவர். அண்ணன் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். பின்வரிசையில் வேன்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. "ஒரு சிறிய ஷெட்டை அமைத்தேன்" என்று முடித்தார் இவர்.

பிறகு அந்த மாதம். விரலைத் தூக்கிக் காட்டினார். இதோ இந்த விரல், இந்த விரலிலிருந்துதான் மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள் என்றார். நான் என் கையை மடியில் வைத்து மூடிக்கொண்டேன். ஏசி காற்று நேராக என் மேல்தான் அடித்தது.

"யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை!"

என்ன கைதட்டு, என்ன விசில்! ஒரு பெண் எழுந்து நின்று தட்டினாள், அவளைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். அந்தச் சத்தத்தில் இவர் முகம் மலர்ந்துபோனது. அடுத்து வரவேண்டிய "சில நல்ல உள்ளங்கள்" வரவில்லை. தாண்டிவிட்டார். அண்ணன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தவர் கடைசிவரை அப்படியே இருந்தார். ஆனால் கை மட்டும் தட்டினார்.

விழா முடிந்ததும் மேடைக்குக் கீழே எல்லோரும் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தாளாளர், பேராசிரியர்கள், ரெக்ஸ், போட்டோ எடுக்கிற பிள்ளைகள். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இவர் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"இத்தனை கஷ்டம் பட்டீங்கன்னு எனக்குத் தெரியாமப் போயிருச்சுங்களே" என்றார். "எங்காதுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏதாச்சும் ஒத்தாசை பண்ணியிருப்பனுங்களே."

தாளாளர் நெஞ்சில் கைவைத்து நெகிழ்ந்தார். ரெக்ஸ் என் காதருகில், "பாத்தீங்களா மேடம், சொந்தக்காரரே உருகிட்டார்" என்றார். இவர் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார். அண்ணன் சாப்பிடாமலே வேனில் ஏறிவிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

இவர் பேச்சு எல்லார் வாட்ஸப்பிலும் ஓடுகிறது. விரலைத் தூக்கிக் காட்டுகிற இடம் மட்டும், பின்னால் வயலின் போட்டு. இவர் அதைப் பார்த்துக்கொண்டே இட்லியைத் தட்டுக்கு வெளியில் தொட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்தார். நன்றாகத்தான் பேசினார். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா எல்லாம் பேசினோம். இவரிடம் கொடுக்கட்டுமா என்றேன்.

"வேண்டாம், சாருக்கு நெம்ப சோலி இருக்கும்" என்றார்.

சார்! இருபத்தேழு வருஷமாக மாப்ளை என்று கூப்பிட்ட வாய். போனை வைத்துவிட்டு இவரிடம் சொன்னேன். பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் ஒரு பெரியவர் பைக்கில் வந்து இறங்கினார். ராசிபுரம் பக்கம் அரிசி மில் வைத்திருக்கிறாராம். வந்ததும் சண்டைதான்.

"எம்பையனுக்கு மில்லை வெச்சுக் குடுக்கலாம்னு இருந்தனுங். வேண்டாங்கறான். கை நீட்டி வாங்குனவன் ஜெயிக்க முடியாதுன்னு நீங்க பேசுனீங்களாமா. வெறுங்கையோட சென்னைக்குப் போறனுட்டு என்ற கிட்டயே பஸ்ஸுக்குக் காசு கேக்கறானுங்!"

இவர் அவருக்கு ஒரு டிரே முட்டை கொடுத்து அனுப்பினார். நவீனா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இவர் மாடிக்குப் போய் வெகுநேரம் இறங்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. குலதெய்வம் கோயிலில் வைத்துக் கும்பிட்டோம். அடுத்தது தாய்மாமன் வீடு. அவருக்குத் தாம்பூலத் தட்டோடு முதல் பத்திரிகை வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு எடுக்கலாம். ஆடி பிறந்துவிட்டால் பத்திரிகை வைக்கக்கூடாது. அட்டைப்பெட்டிகள் கூடத்தில் அடுக்கியபடி இருக்கின்றன. போகிற வருகிறவர்கள் எல்லாம் எனக்குப் பத்திரிகை எங்கே என்கிறார்கள்.

இவர் இன்றைக்குக் கால் வலி என்கிறார். நேற்று வயிறு.

ஜூலை 11, வெள்ளி

இன்றைக்குப் போனோம்.

அண்ணன் வாசலுக்கே வந்தார். "வாங்க சார். வாங்க மேடம்" என்றார். என்னை மேடம் என்றதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். இளநீர் வெட்டித் தந்தார். எல்லாம் முறையாக நடந்தது. இவர் தட்டை எடுத்து நீட்டியபோது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"யாரோட தயவும் இல்லாம மேல வந்தவருங்க நீங்க. கல்யாணத்துக்கு மட்டும் இன்னொருத்தர் தயவு எதுக்குங் சார்?"

இவர் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். மேடைப் பழக்கம் போலிருக்கிறது. ஆனால் கை எங்கேயும் தூக்கவில்லை. பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் பாதி கேட்கவில்லை, திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வந்தது.

"ஷெட்டு உங்களுதுங் மச்சான். குஞ்சும் உங்களுது. தீவனம் வாங்கறதுக்கும் நீங்கதான் கூட வந்தீங்க. பாதிக்கு மேல செத்ததும் நான் பயந்துபோயி மைசூருக்கு ஓடிட்டேன். அக்கா வூட்ல உக்காந்து தினம் ஒரு சினிமாப் பாத்துட்டு இருந்தேன். அதைத்தான்... அன்னைக்கு மேடையில... தப்புங் மச்சான்."

ரெக்ஸ் பார்த்திருந்தால் பேனாவை மூடியிருப்பார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அவ்வளவுதான், இனிமேல் அண்ணன் தட்டை வாங்கிவிடுவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானுங்களே" என்றார் அண்ணன். "எனக்கெதுக்குச் சொல்றீங்க? குடுத்தேன். என்ற தங்கச்சி வூட்டுக்குத்தானே குடுத்தேன். பேரைச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? எம்பேரு வரலைன்னு கோவமுன்னா நெனச்சுட்டு இருக்கறீங்க?"

இவர் விழித்தார். நானும்தான்.

"நீங்க ஓடிப்போனப்ப நானும் போதும்னு கை விட்டுட்டனுங். ஷெட்டைப் பூட்டிட்டு வூட்டுக்கு வா அம்மிணின்னு கூப்பிட்டேன். சாவியைக் கேட்டேன். குடுக்க மாட்டேன்னுட்டா. நீ போண்ணா, நான் பாத்துக்கறேன்னு என்னையவே வாசல்ல நிறுத்திப்போட்டா." அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, இவரையே பார்த்துச் சொன்னார். "அந்த மோதரத்தைக் கட்டிங் பிளேயர்ல வெட்டுனது நானுங். அது யாரு வெரலுன்னு எனக்குத் தெரியாதுங்களா? அவ அழுவுல. நான்தான் அழுதேன். அந்த வெரலை நீங்க மேடையில தூக்கிக் காட்டறீங்க, அவ கையை மூடிக்கிட்டு உக்காந்திருக்கறா. அதைப் பாத்துட்டு எப்புடிங் நான் சோறு திங்கறது?"



"நீ சொல்லு அம்மிணி" என்று என் பக்கம் திரும்பினார். "தட்டை வாங்கட்டுமா?"

வாங்குங்கண்ணா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூடத்தில் பெட்டி பெட்டியாகப் பத்திரிகை இருக்கிறது, ஆடி வரப்போகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்போது வந்த கோபம் இல்லை. பொறுமையாகக் காத்திருந்தார் என்று அந்தத் தாளில் படித்த அன்றைக்கே வந்த கோபம், அதற்கு முன்னால் வந்ததும் சேர்த்து. எனக்கு வருத்தம் இல்லை என்று இந்த டைரியிலேயே எழுதியிருக்கிறேன். அதை நான் அடித்துவிடப்போகிறேன்.

"இன்னைக்கு வேண்டாங்ணா" என்றேன்.

தட்டை நானே எடுத்துக்கொண்டு போய் காரில் உட்கார்ந்தேன்.

டோல்கேட் தாண்டியதும், ரோட்டைப் பார்த்தபடியே இவர் கேட்டார். "வளரு, அந்த மாசம் நான் மைசூர்ல இருந்தப்ப, நீ இங்க என்ன பண்ணினே?"

இந்த இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. திரும்பி வந்த அன்றுகூட, "எல்லாம் சரியா இருக்குதா?" என்றுதான் கேட்டார்.

"எதுல இருந்து சொல்றது?" என்றேன்.

"மொதல்ல இருந்து."

சொன்னேன். இவர் போன மறுநாள் காலையில் ஷெட்டுக்குள் போனபோது கோழிச் சத்தமே இல்லாமல் இருந்தது. குழி வெட்ட ஆள் வரமாட்டேன் என்றது. நானே வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடியது. மருந்து கெட்டுப்போகக் கூடாதென்று ஐஸ் போட்ட டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது, சேலை நனைந்து பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போனது. அதைச் சொன்னபோது நானே சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. பயமாக இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். இவர் மேல் கோபம் இருந்ததா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

எங்கள் வீட்டுத் திருப்பம் வந்தது. இவர் வண்டியைத் திருப்பவில்லை, நேராக ஓட்டிக்கொண்டே போனார். நானும் சொல்வதை நிறுத்தவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு மறுபடியும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். போகிற வழியெல்லாம் விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே போனேன். இன்னும் பாதி மாதம் பாக்கி இருக்கிறது.

இவர் தட்டை நீட்டினார். அண்ணன் உடனே வாங்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் ம் என்றேன். வாங்கிக்கொண்டார்.